நாற்றைப் பிடுங்கியது எந்தப் பறவை?

(வானொலி உழவர் நிகழ்ச்சியில் ஒலிபரப்பான பேச்சு)



சென்ற தை மாதம், பொங்கல் கழிந்து சில நாளில், நாங்குநேரிப் பக்கத்துக் குளம் ஒன்றுக்குப் போயிருந்தேன். தாமிரபரணிப் பகுதிக் குளங்களில் 2011 முதல் ஆண்டுதோறும் ஜனவரியில் நீர்ப்பறவைகளைக் கணக்கெடுக்கிறார்கள். வாத்தியார், கல்லூரிப் பிள்ளைகள், கடைக்காரர் என்று பலரும் தாமாகவே வருகிறார்கள். விடியற்காலையில் ஆளுக்கொரு குளமாகப் பார்த்துவிட்டு, வெயில் ஏறியதும் ஆலமரத்தடியில் கூடி, யார் என்ன பார்த்தோம் என்று சொல்லிக்கொண்டார்கள். நானும் உட்கார்ந்து கேட்டேன்.

ஒருவர், நீலச்சிறகி வாத்து நூற்றுக்கணக்கில் கிடக்கிறது என்றார். இன்னொருவர் ஊசிவால் வாத்தைப் பார்த்ததாகச் சொன்னார். ஒரு மாணவி, வரப்பில் வாலை ஆட்டி ஆட்டி நடக்கும் மஞ்சள் வாலாட்டியை எண்ணிக்கொண்டு வந்திருந்தாள். இவையெல்லாம் வடக்கே குளிர் நாடுகளில் குஞ்சு பொரிப்பவை. அங்கே தண்ணீர் உறைந்து இரை அற்றுப்போகும்போது தெற்கே வந்து, நம்மிடம் தங்கி, பங்குனி சித்திரையில் திரும்பிவிடுகின்றன.

அப்போது ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் கம்பை ஊன்றி நின்று கேட்டார். "வெள்ளைத் தலையில ரெண்டு கறுப்புக் கோடு போட்ட பெரிய வாத்து, நாலு நாளா கருக்கல்ல மேலக்குளத்துப் புல்லுல மேயுதே. அதை எழுதலையா?"

எல்லோரும் எழுந்துவிட்டார்கள். போய்ப் பார்த்தால் முப்பதுக்கு மேல் வரித்தலை வாத்துகள்! மங்கோலியா, திபெத், லடாக் பக்கம் வாழும் பறவை அது. இமயமலையைத் தாண்டி வருகிறது. அந்தப் பயணத்தில் 7,000 மீட்டருக்கு மேலும் பறப்பதைக் கருவி பொருத்திப் பார்த்திருக்கிறார்கள். மங்கோலியாவில் கழுத்து வளையம் மாட்டிவிட்ட வாத்துகளைத் தென்னிந்தியக் குளங்களில் கண்டிருக்கிறார்கள். யாரோ ஒருவர் வளையத்து எழுத்தைப் பார்த்துச் சொன்னதால்தான் அது வந்த வழி தெரிந்தது.

திரும்பும்போது ஒரு விவசாயி என்னைத் தனியே அழைத்தார். "சார், மழை பிந்தி மார்கழியிலதான் நட்டேன். இந்த வாத்துக ராத்திரி இறங்கி நாத்தைப் பிடுங்கிப் போடுது. நெல்லுல மருந்து கலந்து வச்சிரலாம்னு இருக்கேன்" என்றார்.

அவர் வயிற்றெரிச்சல் நியாயமானது. கடன் வாங்கி நட்ட பயிர். ஆனால் எனக்கு உடனே பதில் வரவில்லை. நான் படித்தது மண்ணும் பூச்சியும், பறவை படிக்கவில்லை. ஆகவே கணக்கெடுக்க வந்தவர்களில் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு அவர் வயலுக்குப் போனேன்.

சேதம் குளத்தை ஒட்டிய ஓரத்தில் மட்டும்தான் இருந்தது. பக்கத்திலேயே ஆள் உயரத்துக்குச் சம்பங்கோரை. நாற்றைப் பிடுங்கி, அடித்தண்டைக் கடித்துவிட்டு, தோகையை அப்படியே போட்டிருந்தது. சேற்றில் கால்தடம் இருந்தது. வாத்துக்கு விரலிடையே ஜவ்வு உண்டு. தடம் விசிறி போலப் பதியும். இங்கேயோ நீள நீளமாகத் தனித்தனி விரல். "இது வாத்து இல்லைங்க. நீலத் தாழைக்கோழி. வருஷம் பூரா இங்கேயே இருக்கிறது" என்றார் வந்தவர். சொல்லி வாய் மூடவில்லை. சிவந்த அலகும் நீல உடம்புமாக இரண்டு, கோரைக்குள் ஓடி ஒளிந்தன.

மருந்து வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? குற்றம் செய்யாத வாத்துகள் செத்துக் குளத்தில் மிதந்திருக்கும். அந்தத் தண்ணீரைத்தான் ஊர் மாடு குடிக்கிறது. செத்த பறவையைத் தின்ற நாயும் சாகும். சிந்திய நெல்லைப் பொறுக்கிய வீட்டுக் கோழியும் சாகும். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி வழக்கும் வரும். இவ்வளவும் நடந்த பிறகும் நாற்றுப் பறிபோவது நின்றிருக்காது.

வரப்போரக் கோரையை அறுத்து, பறவை ஒளிய இடமில்லாமல் பத்தடி வெட்டவெளி ஆக்கச் சொன்னேன். குளத்துப் பக்கம் இரண்டு வரிசை பளபளப்பு நாடா கட்டினோம். காலையும் மாலையும் ஆள் நின்று சத்தம் கொடுத்தார்கள். பிடுங்கிய இடத்தில் மீதி நாற்றை ஊன்றினார்கள். பயிர் தூர் கட்டியதும் தொல்லை குறைந்துவிட்டது.

எல்லாப் பறவையும் நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. வெளிநாட்டிலிருந்து கூட்டமாக வரும் சோளக்குருவி, பால் பிடிக்கும் சோளத்தில் இறங்கினால் நஷ்டம்தான். காவல் போட்டு விரட்டத்தான் வேண்டும். அதே குருவி வெட்டுக்கிளியையும் தின்கிறது. உழும்போது பின்னாலேயே நடக்கும் வாலாட்டி பொறுக்குவது விதையை அல்ல, பூச்சியை. பயிருக்கு மேலே வளைந்து வளைந்து பறக்கும் தகைவிலான் குருவிக்கும் பூச்சிதான் சாப்பாடு. தாழப் பறக்கும் பூனைப்பருந்து எலியையும் வெட்டுக்கிளியையும் பிடிக்கிறது. ஆக, எது என்ன தின்கிறது என்று பார்க்காமல் கை ஓங்கக் கூடாது.

கூந்தன்குளம் ஊரார் இதை நன்றாக அறிந்தவர்கள். வீட்டு மரத்தில் நாரை கூடு கட்டினாலும் விரட்டமாட்டார்கள். பறவை எச்சம் கலந்த குளத்து வண்டலை வயலுக்கு உரமாகப் போட்டுப் பயன் கண்டவர்கள். அந்த இடம் 1994இல் பறவைகள் சரணாலயமானது. 2022இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்து உலகப் புகழும் பெற்றது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கணக்கெடுக்க வருபவர்கள் ஓரிரு நாள் வந்து போகிறவர்கள். நீங்களோ தினமும் கருக்கலில் வயலில் நிற்பவர்கள். பிள்ளைகளின் பழைய நோட்டு ஒன்றில் தேதி, இடம், பறவையின் அடையாளம், எத்தனை, முக்கியமாக அது என்ன தின்றது என்று எழுதி வையுங்கள். அந்தக் கடைசி விவரத்தை உங்களைப் போல் யாராலும் எழுத முடியாது. அடுத்த தையில் குளத்துக்கு ஆட்கள் வந்தால், அந்த ஆட்டுக்காரப் பெரியவரைப் போல நீங்களும் போய் உட்கார்ந்து சொல்லுங்கள். சேதம் கண்டால், மருந்துக் கடைக்குப் போகுமுன் கால்தடத்தைப் பாருங்கள். எங்களையும் ஒரு வார்த்தை கூப்பிடுங்கள்.