பொருந்தல் நெல் உரைக்கும் அகவை



பழனிமலை அடிவாரத்துப் பொருந்தலில், 2009-இல் பேராசிரியர் கா. இராசன் அகழ்ந்த ஈமக்குழியொன்றில், நான்கு கால் சாடியில் ஏறத்தாழ 2 கிலோ நெல் கிடைத்தது. ‘வய்ர’ எனத் தமிழி எழுத்துப் பொறித்த புரிமனையும் உடனிருந்தது. எழுத்தின் அகவைக்கு நெல் சான்றாயிற்று. எவ்வாறு?

இயல்பான கரிய அணுக்கருவில் நேர்மின்னிகள் 6. நியூட்ரான் என்னும் நொதுமிகளும் 6. கரியம்-14-இலோ நொதுமிகள் 8. அம்மிகையால் அது நிலைகொள்ளாது. நொதுமியொன்று நேர்மின்னியாக மாற, அணு நைட்ரசனாகின்றது. 5,730 ஆண்டுகளிற் பாதி சிதையும். அறுத்த நெல்லிற் புதுக்கரியம் சேராது. எனவே எஞ்சியதை அளந்தால் அகவை புலப்படும். அமெரிக்க ஆய்வகம் அளந்து கண்ட விடை, கி.மு. 490!

ஒத்த எளிய அணுக்கருக்கள் பல விரைவிற் சிதைய, இஃது ஏன் இத்துணை நீடிக்கின்றது? இரண்டிரண்டாக மட்டுமன்றி, மும்மூன்று துகள்கள் ஒருங்கே கொள்ளும் விசையே சிதைவைப் பெரிதும் தடுக்கின்றது என 2011-இல் வெளியான கணிப்பொறிக் கணக்கீடு காட்டியது.

நெல்லின் அகவை எழுத்துக்கும் பொருந்துமா என ஐயுறும் அறிஞரும் உளர். அவர்க்கு ஆரவாரம் விடையாகாது. இன்னும் அகழ்வோம், அளப்போம், அணுவியலைத் தமிழிலேயே கற்போம்!