மிலாற்றில் செதுக்கிய ஊசி



இலக்கிய நிகழ்ச்சியில் கம்பளித் தொப்பியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன் என்றால், உங்களில் சிலர் வானொலியின் சத்தத்தைக் குறைத்துவிடக் கூடும். சற்றுப் பொறுங்கள். எழுத்தறியாத ஒருத்தி தன் கையால் செய்து வைத்துப் போனதை வாசிக்க முயல்வதும் இலக்கியத்தின் வேலைதான் என்று நான் நம்புகிறேன்.

நுவரெலியாவிலிருந்து கந்தப்பளை, இராகலை வழியாக வலப்பனைக்கு இறங்கும் பாதையை அறிந்தவர்களுக்கு அந்தக் குளிரையும் தெரியும். கீழே பள்ளத்தில் படிப்படியாக வயல்கள்; மேலே மலை முகடு வரை தேயிலை. கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாப் பக்கத்தில் தை, மாசி மாத விடியற்காலைகளில் புல்லின் மேல் உறைபனி படியும். அந்தப் பனி பட்ட கொழுந்து வெயில் ஏறியதும் தீய்ந்து கருகிவிடும். கொழுந்தே தாங்காத குளிரில்தான், விடியுமுன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பிள்ளை மடுவத்துக்கும் பிரட்டுக்களத்துக்கும் நம் தாய்மார் நடந்தார்கள்.

திருச்சி, மதுரை, இராமநாதபுரம், சேலம் எனத் தமிழகத்தின் வெக்கை நிலங்களிலிருந்து கோப்பிக் காலத்தில் வந்தவர்கள் இந்தக் குளிரை முன்பு கண்டதில்லை. தோட்டங்கள் அவர்களுக்கு முரட்டுக் கறுப்புக் கம்பளி கொடுத்தன. இனாமாக அல்ல, அதன் விலை செக்ரோலில் பற்றெழுதப்பட்டுச் சம்பளத்தில் கழிக்கப்பட்டது. அந்தக் கம்பளி இரவில் போர்வை, மழையில் கொங்காணி, பிரசவத்தில் பாய். ஆனால் ஒரு கைக்குழந்தையின் தலைக்கு அது பொருந்தாது. பாரமாக இருக்கும், மயிர் குத்தும். அந்தச் சின்னத் தலைக்கு என்ன செய்வது என்பதைப் பெண்களே யோசிக்க வேண்டியிருந்தது.

என் அம்மாயி அதை யோசித்தவர்களில் ஒருத்தி. இளவயதில் பங்களாவில் ஆயாவாக இருந்தபோது, துரைசாணி கொக்கி ஊசியால் பின்னுவதைப் பார்த்துக்கொண்டே நின்று பழகியவர். யாரும் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்கவில்லை. குரோஷே என்ற சொல் அவர் வாயில் 'குரோசா' என்று வரும். பிரெஞ்சு மொழியில் சிறு கொக்கி என்று பொருள்படும் அந்தச் சொல், வலப்பனைப் பக்கத்து லயத்து இஸ்தோப்பில் இப்படி ஒரு தமிழ்ப் பெயராகி இருந்தது.

ஊசி வாங்கக் காசில்லை. கவ்வாத்து வெட்டிய மலையிலிருந்து விறகுக்கு வரும் மிலாற்றில் நேரான குச்சி ஒன்றைத் தெரிந்தெடுத்தார். தாத்தாவின் கவ்வாத்துக் கத்தியால் நுனியில் கொக்கி செதுக்கி, கண்ணாடித் துண்டால் வழவழப்பாகச் சுரண்டினார். தேயிலை மரம் வைரம் பாய்ந்தது, எளிதில் ஒடியாது. நூலுக்கோ, பங்களாவில் கழித்துப்போட்ட பழைய ஜேர்சி. அதைப் பிரித்து, வளைய வளையமாகச் சுற்றி, சுடுதண்ணீரில் அலசி, அடியில் கல்லைக் கட்டித் தொங்கவிடுவார். சுருள் நிமிர்ந்து நூல் மறுபடி நூலாகிவிடும்.

நேயர்களே, இந்த வேலையின் கணக்கைக் கொஞ்சம் கேளுங்கள். நடுவில் ஒரு சிறு வளையம். அதற்குள் 12 கண்ணி. அடுத்த சுற்றில் ஒவ்வொரு கண்ணிக்குள்ளும் இரண்டு போட்டால் 24. அதற்கடுத்த சுற்றில் ஒன்று விட்டு ஒன்றில் இரண்டு, 36 ஆகும். இப்படிச் சுற்றுக்குப் பன்னிரண்டாகக் கூட்டினால் வட்டம் தட்டையாக விரியும். கூட்டியது குறைந்தால் கூம்பாகும். மிஞ்சினால் ஓரம் சுருங்கிச் சுருங்கி அலை அலையாக நிற்கும். உச்சி போதிய அளவு விரிந்ததும் கூட்டுவதை நிறுத்தி, அதே எண்ணிக்கையில் காது மறையும் வரை சுற்றிக்கொண்டே வர வேண்டியதுதான்.

உச்சி எவ்வளவு விரிய வேண்டும்? அம்மாயி பிள்ளையின் தலையைச் சுற்றி ஒரு நூலைப் பிடிப்பார். அந்த நூலை மூன்றாக மடிப்பார். அந்த நீளமே உச்சியின் அகலம். பள்ளிக்கூடத்தில் வட்டத்தின் பரிதியை 3.14 ஆல் வகுக்கக் கற்றபோதுதான், அவர் செய்தது என்ன என்று எனக்கு விளங்கியது. மூன்றால் வகுத்தால் சற்றே கூடுதலாக வரும். நான் அதைப் பிழை என்று சொன்னேன். "கூடத்தான்டா வரணும். புள்ள வளராதா?" என்றார் அவர்.

பெரியவர்களின் உடல் வெப்பத்தில் பெரும்பகுதி தலை வழியாகவே போய்விடுகிறது என்று ஒரு பேச்சு உண்டு. அது சரியல்ல, தலை வழியே போவது பத்தில் ஒரு பங்களவுதான் என்று இன்று சொல்கிறார்கள். ஆனால் பிறந்த குழந்தையின் கதை வேறு. அதன் உடம்புக்குத் தலை மிகப் பெரியது. உலக சுகாதார நிறுவனம் 1997 இல் வெளியிட்ட வழிகாட்டி, குழந்தை பிறந்தவுடன் துடைத்து, தாயின் மேனியோடு அணைத்து, தலைக்குத் தொப்பி போடச் சொல்கிறது. அம்மாயி அதை எந்த வழிகாட்டியிலும் படிக்கவில்லை. பனிக்காலத்தில் பிள்ளைகளைப் புதைத்த லயம் அவருக்கு அதைச் சொல்லியிருந்தது.

இன்னொன்று. ஸ்வெட்டர் பின்னத் தொழிற்சாலை இயந்திரம் உண்டு. ஆனால் கையால் பின்னும் குரோஷேயை அப்படியே பின்னித் தள்ளும் இயந்திரம் தொழிற்சாலைகளுக்கு இன்னும் வந்து சேரவில்லை. ஆகவே கடைத்தெருவில் தொங்கும் குரோஷேத் தொப்பி எவ்வளவு மலிவாக இருந்தாலும், அதற்குப் பின்னால் எங்கேயோ ஒருவருடைய விரல்கள் இருக்கின்றன. அந்த விரல்களுக்கு என்ன கூலி கிடைத்தது என்பது நாம் கேட்காத கேள்வி.

ஆந்திராவில் கோதாவரிக் கரையில் நரசாப்பூர் என்றோர் ஊர். 19 ஆம் நூற்றாண்டில் மிஷனரிக் குடும்பத்துப் பெண்கள் அங்கே குரோஷேப் பின்னலைக் கற்றுக்கொடுத்தார்கள். பின்னாளில் அது ஆயிரக்கணக்கான பெண்களின் கையில் ஏற்றுமதித் தொழிலாக வளர்ந்தது. ஜெர்மானிய அறிஞர் மரியா மீஸ் 1982 இல் அவர்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். நாள் முழுக்கப் பின்னிய அந்தப் பெண்கள் தொழிலாளர் என்று எண்ணப்படவில்லை, வீட்டில் சும்மா இருக்கும் பெண்கள் ஓய்வு நேரத்தில் செய்வது என்றே அது மதிக்கப்பட்டது என்பது அவர் எடுத்துக்காட்டிய உண்மை. 2024 இல் அந்தப் பின்னலுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊரின் பெயருக்குக் காப்பு வந்துவிட்டது. கைக்கு அதே அளவு காப்பு உண்டா என்பது வேறு கேள்வி.

ஓய்வு நேரம் என்ற சொல்லை நான் அம்மாயியோடு பொருத்திப் பார்க்கிறேன். மலையில் நின்று வந்து, கொழுந்து நிறுத்து, தண்ணீர் பிடித்து, அடுப்பு மூட்டி, எல்லோரும் படுத்த பிறகு குப்பி விளக்கின் கீழ் அவர் ஊசியை எடுப்பார். தேயிலைத் தோட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம நாட்சம்பளம் வந்ததே 1984 இல்தான். பகலில் குறைத்து எண்ணப்பட்ட கை, இரவில் எண்ணப்படவே இல்லை.

சி. வி. வேலுப்பிள்ளை அவர்கள் நம் மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்து 1983 இல் நூலாகத் தந்தார். இல்லாவிட்டால் அவற்றில் பல, பாடிய வாய்களோடு போயிருக்கும். பாட்டு வாயிலிருந்து வாய்க்குப் போனது போலவே, கண்ணிக் கணக்கு கையிலிருந்து கைக்குப் போனது. பாட்டுக்கு ஒரு சி. வி. கிடைத்தார். கைக்கு அப்படி ஒருவர் வாய்க்கவில்லை என்பதே என் ஆதங்கம்.

இனி, நான் சொல்ல வந்த தொப்பி.

1964 ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும், 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பங்கு பிரித்தது. அந்தப் பங்கில் என் சின்னம்மாவின் குடும்பம் அக்கரைக்குப் போனது. 1973 இல் நானுஓயாவில் கோச்சி ஏறியபோது அவர் கையில் ஆறு மாதக் குழந்தை. புறப்படுமுன் ஏழு இரவுகள் அம்மாயி ஒரு சிவப்புத் தொப்பி பின்னினார். வழக்கமாக இரண்டு இரவில் முடிக்கக் கூடியவர். பின்னுவார், பிரிப்பார், மறுபடி பின்னுவார். கண்ணி தப்பிவிட்டது என்று சொல்லிக்கொண்டார். அவருக்குக் கண்ணி தப்பி நான் பார்த்ததில்லை.

குரோஷேயில் எந்த நேரமும் ஊசியில் இருப்பது பெரும்பாலும் ஒரே ஒரு கண்ணிதான். கடைசிக் கண்ணிக்குள் நூலை இழுத்து முடிச்சிடும் வரை, ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் முழுத் தொப்பியும் பிரிந்துவிடும். அந்த முடிச்சை அவர் கோச்சி வரும் நாள் விடியும்வரை போடவில்லை.

இருபது ஆண்டுகள் கழித்து நான் கோத்தகிரிக்குப் போனேன். தாயகம் திரும்பியவர்களுக்காகத் தமிழ்நாட்டு அரசு 1968 இல் தொடங்கிய தேயிலைத் திட்டத்தின் தோட்டமொன்றில் சின்னம்மா கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார். அங்கேயும் அதே தேயிலை, அதே பனி. தொப்பியைக் கேட்டேன். "அது எங்கடா இருக்கு?" என்று சிரித்தார். முதல் பிள்ளை வளர்ந்ததும் பிரித்து, வேறு நூல் சேர்த்து இரண்டாவது பிள்ளைக்குப் பின்னினாராம். பிறகு அதையும் பிரித்து மூன்றாவதற்கு. பிறகு தனக்கே, கூடைக் கயிறு நெற்றியை அறுக்காமலிருக்க ஒரு பட்டையாக. அந்தப் பட்டையைக் காட்டினார். நைந்த நாலைந்து நிற நூல்களுக்கிடையே சிவப்பு ஒரு வரியாக ஓடியது.

ஊருக்குத் திரும்பி அம்மாயியிடம் சொன்னேன். தொப்பி இல்லை என்றதும் வருந்துவார் என்று பயந்திருந்தேன். "பிரிக்கக் கத்துக்கிட்டாளா?" என்று மட்டும் கேட்டார். பின்னுவதைச் சின்னம்மாவுக்கு அவர் சொல்லிக் கொடுத்ததே இல்லை. அந்த ஏழு இரவும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார் மகள். துரைசாணியைப் பார்த்து நின்ற தாயைப் போலவே.

அம்மாயி இன்று இல்லை. மிலாற்று ஊசி என்னிடம் இருக்கிறது. அவர் சுற்றிய கணக்கை நான் எழுதி வைத்திருக்கிறேன். இன்று உங்களுக்கும் சொல்லிவிட்டேன். உங்கள் வீட்டிலும் பின்னவோ, முடையவோ, தைக்கவோ தெரிந்த ஒரு முதிய கை இருக்கக்கூடும். எப்படிச் செய்தாய், யாரைப் பார்த்துப் படித்தாய், யாருக்காகச் செய்தாய் என்று இந்த வாரம் கேட்டு எழுதி வையுங்கள். அந்தக் கைகளிடம் யாரும் இதைக் கேட்டிருக்க மாட்டார்கள்.