நம் சுற்றுப்புறத்து உயிர்களும் நம் இளைஞரும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

சென்ற பொங்கல் விடுமுறையில் நம் மாலைநேரப் பாடசாலை மாணவர் சிலர், விடியற்காலையில் ஏரிக்கரையில் குறிப்பேடும் கையுமாக நின்றதைப் பலரும் கண்டிருப்பீர்கள். "குருவியை எண்ணினால் கூழ் கிடைக்குமா?" என்று பெரியவர் ஒருவர் வினவினார். நியாயமான வினாவே. கூழ் கிடைக்காது. ஆயினும் இப்பணி நம் பிள்ளைகளுக்கு ஏன் வேண்டும் என்பதைச் சொல்ல விரும்புகிறோம்.

பொங்கலையொட்டித் தமிழ்நாட்டில் 2015 முதல் ஆண்டுதோறும் பறவைக் கணக்கெடுப்பு நடைபெற்று வருகிறது. பட்டம் பெற்றோர்தாம் பங்கு கொள்ளலாம் என்பதில்லை. ஓரிடத்தில் பதினைந்து நிமிடம் நின்று, கண்ட பறவைகளின் பெயரையும் எண்ணிக்கையையும் எழுதி, 'ஈபேர்டு' என்னும் பொதுப் பதிவேட்டில் சேர்க்க வேண்டும், அவ்வளவே. இவ்வாறு நாடெங்கும் ஏறத்தாழ 30,000 பேர் அளித்த மூன்று கோடிக் குறிப்புகளைக் கொண்டே, இந்தியப் பறவைகளின் நிலை குறித்த 2023ஆம் ஆண்டு அறிக்கை உருவாயிற்று. சிட்டுக்குருவி நாட்டை விட்டே போய்விட்டது என்று மேடைதோறும் முழங்கினார்கள் அல்லவா? 2020ஆம் ஆண்டு அறிக்கையோ, நாடு முழுவதையும் நோக்கின் அது பெரிதும் குறையவில்லை, சென்னை உள்ளிட்ட பெருநகரங்களிலேயே குறைந்துள்ளது என்று காட்டியது. முழக்கத்தைக் கணக்கு திருத்திற்று.

நமக்கு இதில் வேறொரு காரணமும் உண்டு. எழுத்தின் வலிமையை நாம் அறிவோம். செங்கற்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையின் பயனாகவே 1892இல் பஞ்சமி நில ஆணை பிறந்தது. அந்நிலங்கள் கைமாறிப் போனபின், மீட்பதற்குப் பழைய பதிவேடுகளைத் தேடி அலைகிறோம். நம்மைப் பற்றிப் பிறர் எழுதியது மிகுதி. நாம் வாழும் இடத்தைப் பற்றி நாமே எழுதியது மிகக் குறைவு.

பள்ளிக்கரணையைப் பாருங்கள். அச்சதுப்புநிலம் நெடுங்காலம் பாழ்நிலமாகவே கருதப்பட்டது. பெருங்குடிக் குப்பைக் கிடங்கு அதன்மீதே எழுந்தது. அங்கு வாழும் உயிர்களைப் பலர் ஆண்டாண்டாகப் பட்டியலிட்டு முன்வைத்த பின்னரே, 2007இல் அதன் ஒரு பகுதி காப்புக்காடாயிற்று. 2022இல் ராம்சார் தலமுமாயிற்று. ஆனால் அதனருகே, 2015 வெள்ளத்தில் நீர் சூழ்ந்த பெரும்பாக்கத்து அடுக்குமாடிகளில்தான் கூவக்கரை மக்கள் பின்னர்க் குடியேற்றப்பட்டனர். நீர்நிலையைக் காக்க வேண்டும் எனும்போது முதலில் பெயர்க்கப்படுவது குடிசையே. நாளை நம் ஏரியைப் பற்றி ஒருவர் பேச வரும்போது, அதன் கரையில் வாழ்வோர் அதற்குப் பகைவர் அல்லர் என்பதைக் காட்ட நம் கையில் தேதியிட்ட குறிப்பு இருக்க வேண்டாமா?

முறையைச் சிறிது விளக்குவோம். ஒரே இடம், ஒரே நேரம், வாரந்தோறும். ஒன்றை இருமுறை எண்ணலாகாது. வழக்கமாக வருவது வரவில்லை என்றால் அதையும் எழுதவேண்டும். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். மடையான், நாமக்கோழி, முக்குளிப்பான் ஆகிய பெயர்களை நம் பாட்டிமார் அறிவர். நூலைத் திறக்குமுன் அவர்களைக் கேளுங்கள். கீரியையும் மரநாயையும் விட்டுவிடவேண்டாம். பாம்பைக் கண்டால் தள்ளி நின்று எழுதுங்கள், பிடிக்க முற்படாதீர்கள். அது தனிக் கலை. அக்கலைக்காக இருளர் இருவர் 2023இல் பத்மஸ்ரீ பெற்றனர் என்பதை, பட்டறிவைக் கல்வியாக மதியாதோர் நினைவிற்கொள்ளட்டும்.

கூகையைப் பற்றி ஒரு சொல். சாவுக்குருவி என்று கல்லெறிகிறோமே, அது எலியை முழுதாக விழுங்கி, எலும்பையும் மயிரையும் உருண்டையாகக் கக்குகிறது. அவ்வுருண்டையை நீரில் ஊறவைத்துப் பிரித்தால் எத்தனை எலி என்று மண்டையோட்டைக் கொண்டே எண்ணிவிடலாம். மூடநம்பிக்கையைப் பற்றி ஒரு மணிநேரம் சொற்பொழிவாற்றுவதைவிட இது எளிது.

வேலை கிடைக்குமா என்போருக்கு: உடனே கிடைக்காது. ஆனால் மேட்டுப்பாளையத்தில் வனக் கல்லூரி இருக்கிறது; கோவை ஆனைகட்டியில் சாலிம் அலி பெயரால் பறவை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. அங்கெல்லாம் நம் பிள்ளைகளும் செல்லலாம் என்ற எண்ணமே பல வீடுகளில் இன்னும் எழவில்லை.

குறிப்பேடு கழக நூலகத்தில் வைக்கப்பட்டுள்ளது. அதில் மாணவியர் பெயர் மிகக் குறைவு. விடியற்காலையில் அனுப்பப் பெற்றோர் தயங்குவது நமக்குப் புரிகிறது. ஆகவே வரும் ஞாயிறு முதல் மாலை ஐந்து மணிக்கும் ஒரு கணக்கு எடுக்கப்படும். தாய்மார்களும் உடன் வரலாம். எழுதத் தெரியாதோர் எண்ணிச் சொன்னால் மாணவியர் எழுதிக்கொள்வர்.