நத்தார் வீட்டிலிருந்தே வரட்டும்

(பேராதனையில் நடைபெற்ற பழைய மாணவியர் சங்க நத்தார் ஒன்றுகூடலில், எழுபதுகளில் கல்வி கற்ற வகுப்பினர் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



எங்கள் வகுப்பின் சார்பில் பேசக் கேட்டபோது, பழைய கதை நாலு சொல்லிவிட்டு அமர்ந்துவிடலாம் என்றே நினைத்தோம். ஆனால் சங்கத்தின் நூற்றாண்டில் எங்கள் தவறு ஒன்றையும் சொல்லாமல் விடுவது சரியல்ல என்று பட்டது.

முதலில் பழைய கதை. எங்கள் சிறுவயது நத்தார் தட்டுப்பாட்டுக் காலத்து நத்தார். 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்தது. 1974இல் பாணுக்கு விடியுமுன்பே வரிசையில் நின்றோம். உலர்ந்த திராட்சை கடைகளில் கண்ணில் படாது. அதற்காகக் கேக் நின்றுவிடவில்லை. கார்த்திகை பிறந்ததும் அம்மாமார் நீற்றுப்பூசணியைச் சீவித் தோசி போடுவார்கள். இஞ்சியும் பாகில் ஊறும். ரவை வறுப்பது அக்காமாரின் வேலை, கஜு நறுக்குவது எங்கள் வேலை. நறுக்கியதில் எவ்வளவு வாய்க்குள் போனது என்று கேட்காதீர்கள்! எல்லாம் சேர்த்துக் கிண்டும்போது வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் ஒரு தடவையாவது அகப்பையைப் பிடிக்கவேண்டும். கைக்குழந்தையின் கையையும் பிடித்துக் கிண்டவைப்பார்கள். பிறகு தட்டின்மேல் பெயர் எழுதிய கடதாசியை ஒட்டித் தெருமுனைப் பேக்கரியில் கொடுத்துச் சுட்டெடுப்போம்.

மண் நிரப்பிய தகரத்தில் ஒரு சைப்பிரஸ் கிளை, அதுதான் மரம். தேயிலைப் பெட்டியின் ஈயத்தாளை வெட்டினால் நட்சத்திரம். வைக்கோலும் பாசியும் கொண்டு பாலன் குடில். நத்தாருக்குத் தைத்த சட்டைதான் புதுவருடத்துக்கும், அடுத்த பரிசளிப்பு விழாவுக்கும்.

கோவிலால் வந்ததும் நாங்கள் சாப்பிட உட்காருமுன் பலகாரத் தட்டுகள் அயலுக்குப் போகும். சிங்கள வீட்டுக்கு ஒன்று, முஸ்லிம் வீட்டுக்கு ஒன்று. தட்டு வெறுமையாகத் திரும்பி வராது. சீனிக்குத் தவித்த அந்த நாட்களிலும் ஒரு கைப்பிடி சீனியாவது வைத்துத்தான் தருவார்கள். நோன்புப் பெருநாளுக்கு அங்கிருந்து வட்டிலாப்பம் வரும்.

1977க்குப் பின் கடைகள் நிறைந்தன. நாங்களும் படித்து, வேலைக்குப் போய், வசதி கண்டோம். அதில் பிழையில்லை. ஆனால் எங்கள் வகுப்பின் நத்தார் ஒன்றுகூடல் ஹோட்டலுக்கு மாறியது. அனுமதிச்சீட்டு வந்தது. எல்லோருக்கும் ஒரே நிறத்தில் சேலை வந்தது. பரிசுப் பரிமாற்றத்துக்கு, இன்ன விலைக்குக் குறையக்கூடாது என்று ஒரு விதியும் வந்தது. அந்த விதியைப் போட்டவர்கள் நாங்களேதான்.

எங்கள் தோழி ஒருத்தி முதல் வருடம் வந்தாள். அடுத்த மூன்று வருடம் வரவில்லை. கேட்டால் வேலை என்பாள். ஒருநாள் எங்களில் இருவர் அவள் வீட்டுக்குப் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. அந்த முதல் வருடம் சங்கிலியை அடகு வைத்து வந்திருக்கிறாள். அதை மீட்க ஆவணி மாதம் ஆகியிருக்கிறது. மார்கழிச் செலவு முடிந்த கையோடு, தையில் பிள்ளைகளுக்குக் கொப்பி, சப்பாத்து, சீருடை வாங்கவேண்டும் அல்லவா? "ஏனடி சொல்லவில்லை?" என்று கேட்டோம். "எல்லோரும் சந்தோஷமாய் இருந்தீர்கள். அதற்குள்ளே எப்படிச் சொல்ல?" என்றாள்.

வெட்கப்பட்டோம். ஆனாலும் அடுத்த முறையும் ஹோட்டலிலேயே நடத்தினோம். அவளுக்கு மட்டும் சீட்டை இலவசமாகத் தருகிறோம் என்று சொல்லி அனுப்பினோம். அவள் வரவில்லை. அவள் செய்தது எவ்வளவு சரி என்பது எங்களுக்குப் பிறகுதான் விளங்கியது.

விளங்கவைத்தது 2022. அந்த ஆண்டு சித்திரையில், வெளிநாட்டுக் கடனைக் கட்டமுடியாதென்று நாடு அறிவித்தது. புரட்டாதியில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். பெற்றோலுக்குக் கியூஆர் குறியீடு, நாளாந்தம் மின்வெட்டு. ஹோட்டலைப் பற்றி யாரும் வாய்திறக்கவில்லை. கலஹா வீதியில் ஒரு தோழியின் வீட்டில், ஆளுக்கொரு சாமான் சமைத்துக் கொண்டுவந்து கூடினோம். அவித்த மரவள்ளியும் கட்டைச் சம்பலும் இருந்தன. பாட்டின் நடுவே மின்சாரம் போயிற்று. மெழுகுதிரியை ஏற்றிக்கொண்டு தொடர்ந்து பாடினோம். அன்று அந்தத் தோழியும் வந்தாள், கையில் ஒரு போத்தல் பூசணித் தோசியோடு! ஹோட்டலுக்கு வந்ததைவிடக் கூடுதலானவர்கள் அன்று வந்திருந்தார்கள். நின்றுபோயிருந்தவள் அவள் ஒருத்தி மட்டுமல்ல என்பதும் அன்றுதான் தெரிந்தது.

சகோதரிகளே, எளிமை என்பது கஞ்சத்தனம் அல்ல. 1223இல் அசிசியின் புனித பிரான்சிஸ் இத்தாலியில் கிரேச்சோ என்ற சிற்றூரில் பாலன் குடில் அமைத்தபோது, அங்கே வைத்தது வைக்கோலும், ஒரு மாடும், ஒரு கழுதையுமே. பார்க்க வந்தவர் எவருக்கும் அது எட்டாததாய் இருக்கவில்லை. எளிமையாய் வைத்தால் எல்லோரும் உள்ளே வரலாம். இதைத்தான் நாங்கள் இவ்வளவு பிந்திக் கற்றோம்.

ஆகவே உங்களிடம் சில வேண்டுகோள்கள். எந்த வகுப்பு கூடினாலும் வீட்டுச் சாப்பாட்டோடு கூடுங்கள். பரிசு கொடுப்பதானால் கையால் செய்ததையோ, வாசித்து முடித்த ஒரு புத்தகத்தையோ கொடுங்கள். ஹோட்டலுக்குப் போயிருக்கக்கூடிய பணத்தை, பெயர் எழுதாத கடித உறையில் இட்டுத் தை மாதப் பாடசாலைச் செலவு நிதிக்குத் தாருங்கள். கொடுத்தவர் பெயரும் வேண்டாம், பெற்றவர் பெயரும் வெளியே வரவேண்டாம்.

ரொறன்ரோவிலும் லண்டனிலும் மெல்பேர்னிலும் இருந்து இம்மலரை வாசிக்கும் சகோதரிகளே, கடனட்டையில் வாங்கிய பொதிகளைப் பிள்ளைகள் பங்குனிக்குள் மறந்துவிடுவார்கள், தவணைப் பணம் மறக்காது. அம்மாவின் கேக் குறிப்பை எடுத்து வையுங்கள். பேரப்பிள்ளைகளை ஆளுக்கொரு தடவை கிண்டவிடுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் யாராய் இருந்தாலும் ஒரு தட்டு அனுப்புங்கள்.

நீண்டநாள் வராத தோழி ஒருத்தி உங்கள் வகுப்பிலும் இருப்பாள். இந்த நத்தாருக்கு முன் அவளிடம் ஒருதடவை போய்ப் பாருங்கள். போகும்போது சீட்டுப் புத்தகத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.