நம் ஹாலில் மாலை ஆறு முதல் எட்டு வரை

(சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியது)

லிப்ட், தண்ணீர் லாரி, பார்க்கிங் எல்லாம் பேசி முடித்த பிறகு எனக்குப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறீர்கள். காபி வருவதற்குள் முடித்துவிடுகிறேன்.

மேல்நிலைப் பள்ளியில் முப்பது வருடம் இயற்பியல் நடத்தியவள் நான். அப்படிப்பட்ட நான் செய்த ஒரு தவறை முதலில் சொல்லிவிடுகிறேன். நான்கு வருடங்களுக்கு முன் என் வீட்டில் வேலை செய்யும் அம்மா தன் மகளை அழைத்து வந்தார். பத்தாம் வகுப்பு முடித்திருந்தாள். கணக்கில் 61. "பதினொன்றில் எந்த குரூப் எடுக்கலாம்?" என்று கேட்டார்கள். மார்க் ஷீட்டை மட்டும் பார்த்துவிட்டு, "எதுக்குக் கஷ்டப்படணும்? காமர்ஸ் எடும்மா" என்றேன். இப்போது பி.காம். இரண்டாம் ஆண்டு, நன்றாகத்தான் படிக்கிறாள். போன மாதம் என்னிடம் கேட்டாள்: "டீச்சரம்மா, அன்னிக்கு எனக்குக் கணக்கு வராதுன்னு நினைச்சீங்களா?"

எனக்குப் பதில் வரவில்லை. காமர்ஸ் ஒன்றும் தாழ்ந்த படிப்பில்லை. ஆனால் அந்த முடிவை அவள் எடுத்திருக்க வேண்டும், அவளுக்காக நான் எடுத்துவிட்டேன். இதே 61 மார்க்கை நம் வீட்டுப் பிள்ளை வாங்கி வந்தால் என்ன செய்வோம்? டியூஷன் வைப்போம்.

பதினைந்து வயதில் எடுக்கும் இந்த முடிவு எவ்வளவு பெரியது என்று யோசித்துப் பாருங்கள். நம் மாநிலத்தில் பொறியியல் சேர்க்கைக்குத் தனி நுழைவுத் தேர்வு கிடையாது. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்தான். 200க்குக் கணக்கிடும் கட் ஆஃபில் கணக்குக்கு மட்டும் 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் 50, 50. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021 முதல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. அதில் சேருபவர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே ஏற்கிறது. கதவு திறந்திருக்கிறது. ஆனால் பதினொன்றில் கணக்கை விட்ட பிள்ளைக்கு அந்தக் கதவு கண்ணிலேயே படாது.

இது நம் ஊருக்கு மட்டும் உள்ள சிக்கல் இல்லை. அமெரிக்காவில் 1960களிலேயே 'அப்வர்ட் பவுண்ட்' என்ற அரசுத் திட்டம் வந்தது. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளையும், பெற்றோர் பட்டம் பெறாத வீட்டுப் பிள்ளைகளையும் பள்ளியில் இருக்கும்போதே கல்லூரிக்குத் தயார்படுத்துவது அதன் வேலை. கணக்குக்கும் அறிவியலுக்கும் மட்டுமான பிரிவு 1990இல் தொடங்கியது. கோடை விடுமுறையில் ஆறு வாரம் தீவிரப் பயிற்சி தருகிறார்கள். நாம் 'முதல் பட்டதாரி' என்று சான்றிதழ் வாங்குகிறோமே, அதே பிள்ளைகள்தான் அங்கேயும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1970களின் பிற்பாதியில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் யூரி ட்ரைஸ்மன் என்ற ஆய்வு மாணவர், கறுப்பின மாணவர்கள் கால்குலஸில் ஏன் தோற்கிறார்கள் என்று பார்க்கப் போனார். ஆர்வமில்லை, வீட்டில் ஆதரவில்லை என்றெல்லாம் ஆசிரியர்கள் காரணம் சொன்னார்கள். அவர் கூடவே இருந்து கவனித்ததில் வேறொன்று தெரிந்தது. அந்த மாணவர்கள் உழைத்தார்கள், ஆனால் தனியாக உழைத்தார்கள். நன்றாகச் செய்த சீன மாணவர்களோ ஒன்றாக உட்கார்ந்து, ஒருவர் தவறை ஒருவர் திருத்திக்கொண்டு படித்தார்கள். உடனே அவர் சிறு குழுக்கள் அமைத்தார். சுலபமான கணக்கு கொடுத்து ஆறுதல் சொல்லவில்லை, கடினமான கணக்குகளையே சேர்ந்து போட வைத்தார். தேர்ச்சி நன்றாக உயர்ந்தது.

நம்மிடம் என்ன இருக்கிறது? வார நாட்களில் மாலை பூட்டியே கிடக்கும் ஒரு ஹால் இருக்கிறது. நம் வீடுகளில் வேலை செய்பவர்கள், செக்யூரிட்டி, தோட்டக்காரர் வீடுகளில் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை படிக்கும் பிள்ளைகள் பதினோரு பேர், விசாரித்துவிட்டேன். அவர்களில் பலருக்கு வீட்டில் ஒரே அறை, அதிலேயே டிவியும்.

நான் கேட்பது இதுதான். வரும் ஜூன் முதல், திங்கள் முதல் வெள்ளி வரை, ஆறிலிருந்து எட்டு வரை ஹால். ஒரு போர்டு. வாரத்துக்கு ஒரே ஒரு நாள் வர ஐந்து பேர். பாடம் மறந்துவிட்டதே என்று தயங்க வேண்டாம். பதினொன்றாம் வகுப்பில் பிள்ளைகள் தடுக்கி விழுவது பெரும்பாலும் பின்னத்திலும் மைனஸ் குறியிலும்தான். தமிழ் வழியில் 'முடுக்கம்' நன்றாகத் தெரிந்த பிள்ளை, கல்லூரியில் 'ஆக்ஸிலரேஷன்' என்றதும் விழிக்கும். இரண்டும் ஒன்றுதான் என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். ஐ.டி.யில் இருப்பவர்கள் மே மாதம் ஆன்லைன் விண்ணப்பத்துக்கும், பிறகு கவுன்சலிங்கில் கல்லூரிகளை வரிசைப்படுத்தவும் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும்.

மின் கட்டணம் பற்றி பொருளாளர் கேட்டார். நாலு ஃபேனும் ஆறு விளக்கும்தான். முதல் வருடத்துக்கு அதை நானே கொடுத்துவிடுகிறேன். கல்யாண புக்கிங் வந்தால் அன்று வகுப்பு கிடையாது. பிள்ளைகள் வரும் நேரமும் போகும் நேரமும் கேட்டில் பதிவாகும். வகுப்பில் எப்போதும் பெரியவர்கள் இருவர் இருப்போம்.

இரண்டு நிபந்தனை மட்டும். 'ஏழைக் குழந்தைகளுக்கு இலவச டியூஷன்' என்று போர்டு வைக்கக் கூடாது. நம் பிள்ளைகளும் வந்து அதே பெஞ்சில் உட்காரட்டும். அவர்களுக்கும் சேர்ந்து போடும் கணக்கு நல்லதுதான். இன்னொன்று, ஹாலுக்கு வர சர்வீஸ் லிப்ட் என்று தனி வழி வேண்டாம்.

அந்தப் பெண்ணிடம் இதைச் சொன்னேன். சனிக்கிழமைகளில் தானும் வந்து ஒன்பதாம் வகுப்புக் கணக்கு சொல்லித் தருகிறேன் என்றாள். ஆகவே சனிக்கிழமையும் சேர்த்து ஆறு நாளாக அனுமதி கேட்கிறேன்.

பெயர் கொடுக்க விரும்புபவர்களுக்காக அலுவலகத்தில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். முதல் பக்கத்தில் என் பெயர் இருக்கிறது. இன்னும் நான்கு பேர் வேண்டும்.