பல்பு சொன்ன சாட்சி
(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



“மெக்கானிகல் முடிச்சவன் இப்ப என்னப்பா பண்றே?” என்று காலையிலிருந்து கேட்கிறீர்கள். “சர்வேயர்” என்றதும் இரண்டு பேர் மனை அளக்கக் கூப்பிட்டுவிட்டார்கள்! நான் அளப்பது நிலத்தை அல்ல, நசுங்கிய வண்டிகளை. 1938-ம் ஆண்டு இன்சூரன்ஸ் சட்டப்படி லைசென்ஸ் பெற்றவர்கள் நாங்கள். 2015-ல் வந்த விதிகள், மோட்டார் கிளெய்ம் 50,000 ரூபாயைத் தொட்டால் எங்களில் ஒருவர் பார்த்து அறிக்கை தர வேண்டும் என்றன.

பொய் கிளெய்மை எப்படிக் கண்டுபிடிக்கிறாய் என்பார்கள். பெரிய வித்தை ஒன்றுமில்லை. அடிபட்டு நாளான தகட்டின் மடிப்பில் துரு ஏறியிருக்கும், விரிசலில் தூசி அடைந்திருக்கும். புது அடியில் இரும்பு பளிச்சென்று தெரியும். இன்னொரு வண்டி இடித்தது என்றால், அதன் பம்பர் உயரமும் இதில் விழுந்த பள்ளத்தின் உயரமும் ஒத்துப்போக வேண்டும். வாய் ஒன்று சொல்லும், தகடு வேறொன்று சொல்லும். தகட்டைத்தான் நம்ப வேண்டும்.

ஒருமுறை நான் தகட்டை விட்டுவிட்டுக் காகிதத்தை நம்பினேன். அதைச் சொல்லத்தான் இங்கே நிற்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன் விழுப்புரம் பக்கம் ஒரு குட்டி யானை. காய்கறி லோடு அடிக்கும் டிரைவரே ஓனர். ராத்திரியில் எதிரே வந்த லாரியின் வெளிச்சம் கண்ணைக் கூச, வண்டியை ஒதுக்கிப் புளியமரத்தில் மோதிவிட்டதாகச் சொன்னார். பாலிசி முடிய இரண்டே நாள். சாட்சி இல்லை. தகவல் கொடுத்ததும் தாமதம். ‘எப்போதோ பகலில் அடிபட்டதை இப்போது தள்ளிவிடுகிறார்’ என்று நானே முடிவு கட்டி, ‘சந்தேகத்துக்குரியது’ என்று எழுதிவிட்டேன். ஃபைல் விசாரணைக்குப் போனது. வண்டி ஒர்க்‌ஷாப்பில் நின்றது.

ஒரு மாதம் கழித்து அவர் வந்தார். சத்தம் போடவில்லை. “சார், வண்டியை ஒருதரம் நல்லாப் பாருங்க. அப்புறம் பொய்னு எழுதுங்க” என்றார்.

மறுநாள் போய் ஹெட்லைட்டைக் கழற்றினேன். பல்பின் கண்ணாடி உடைந்திருந்தது. உள்ளே டங்ஸ்டன் இழை இழுபட்டு நீண்டு, மேலே வெள்ளைப் பூச்சு. அணைந்திருக்கும் இழை மோதலில் பட்டென்று ஒடியும், நீளாது. எரிகிற இழைதான் பாகு மாதிரி இழுபடும். சூட்டோடு காற்றுப்பட்டு ஆக்சைடாகி வெளுக்கும். ஆக, மோதியபோது விளக்கு எரிந்திருக்கிறது! முதல் நாள் நானே எடுத்த படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மடிப்பில் துரு இல்லை. கிரில்லில் வாடாத புளிய இலை.

அறிக்கையைத் திருத்தினேன். பிளாஸ்டிக், ரப்பர் சாமான்களுக்கு வழக்கமான 50% தேய்மானம் போக, பணம் வந்தது. ஆனால் வண்டி ஓடாமல் நின்ற நாட்களின் கூலியை அந்த பாலிசி தராது. அந்த நஷ்டம் மரத்தால் வந்ததல்ல, என் பேனாவால் வந்தது.

அந்தச் சந்தேகப் புத்தி எனக்கு எங்கிருந்து வந்தது? கோபிக்காதீர்கள், நம்மைப் போன்றவர்களிடமிருந்துதான். “அந்தப் பழைய டென்ட்டையும் இதுலயே சேர்த்துடுங்க” என்பவர். போன வருஷம் கிளெய்ம் வாங்கியதை மறைத்து, புதுக் கம்பெனியில் நோ கிளெய்ம் போனஸ் கேட்பவர். லைசென்ஸ் இல்லாத பையன் ஓட்டியதற்கு, ஃபாரத்தில் தன் பெயரைப் போடும் அப்பா. இவர்கள் யாரும் தங்களைத் திருடர் என்று நினைப்பதில்லை. இவர்களைப் பார்த்துப் பார்த்துத்தான் எங்களுக்கு எல்லா ஃபைலும் பொய்யாகத் தெரிகிறது. அதற்கு விலை கொடுப்பது குட்டி யானைக்காரர்.

இதே கல்லூரி லேபில், ரீடிங் எடுக்காமல் ரிசல்ட் எழுதினால் ரெக்கார்டு நோட்டு திரும்பி வரும். அதை நான் மறந்த நாள் அது. இனி மறக்க மாட்டேன். நீங்களும் ஓர் உதவி செய்யுங்கள். பழைய டென்ட்டுக்கு உங்கள் காசிலேயே டிங்கரிங் பாருங்கள்!