பிள்ளைத்தாய்ச்சிக்கென்று ஒரு பானை தனியே



விதை, உரம், களைவெட்டு என்று பேசுகிற ஆள் இன்றைக்குப் பிள்ளைப்பேறு பற்றிப் பேச வந்திருக்கிறதே என்று நினைப்பீர்கள். காரணம் இருக்கிறது. அறுத்த சாமையிலும் கேழ்வரகிலும் எத்தனை மூட்டை வண்டி ஏறுகிறது, எத்தனை மூட்டை வீட்டில் நிற்கிறது என்று களத்திலேயே முடிவாகிவிடுகிறது. அந்த முடிவு பிறக்கப் போகிற பிள்ளையின் எடையையும் தொடுகிறது. நெல்லிவாசல்நாடு, புதூர்நாடு, புங்கம்பட்டுநாடு என்று ஜவ்வாது மலையின் மூன்று நாட்டுக்காரர்களும் இதைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்கள்.

"மாசமா இருக்கிறவ குறைச்சுச் சாப்பிட்டா பிள்ளை சின்னதா இருக்கும், சுகப்பிரசவம் ஆகும்" என்று ஒரு பேச்சு உண்டு. மலையில் மட்டும் இல்லீங்க, சமவெளியிலும் பல வீடுகளில் மாமியார்மார் சொல்வதுதான். இதை மூடத்தனம் என்று தள்ளிவிட மாட்டேன். பாதை இல்லாத ஊரிலிருந்து டோலி கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கியவர்களுக்குத்தான் அந்தப் பயம் தெரியும். பயம் நியாயமானது, அதற்குக் கண்ட வைத்தியம்தான் தப்பு.

கணக்கைப் பாருங்கள். நடுத்தர உடம்புள்ள பெண்ணுக்குக் கர்ப்ப காலத்தில் பத்திலிருந்து பன்னிரண்டு கிலோ கூட வேண்டும் என்கிறார்கள். அவ்வளவும் பிள்ளையா? இல்லை. பிள்ளை மூன்று கிலோ. நஞ்சுக்கொடி அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. பனிக்குட நீர் முக்கால் கிலோவிலிருந்து ஒரு கிலோ. கர்ப்பப்பை ஒரு கிலோ, மார்பு அரைக் கிலோ. தாயின் உடம்பில் கூடுகிற ரத்தமும் நீருமாக இரண்டு, இரண்டரை கிலோ. மீதி மூன்று கிலோ போல, பால் கொடுக்கும் காலத்துக்கென்று உடம்பு சேர்த்து வைக்கிற கொழுப்பு. சாப்பாட்டைக் குறைத்தால் முதலில் இந்தச் சேமிப்பு போகிறது, பிறகு பிள்ளையின் சதை போகிறது.

இரண்டரை கிலோவுக்குக் கீழே பிறந்தால் எடை குறைந்த குழந்தை. அதன் தோலுக்கடியில் கொழுப்பு கிடையாது, மார்கழிக் குளிரில் சீக்கிரம் சில்லிட்டுப் போகும். உறிஞ்சிக் குடிக்கத் தெம்பு இருக்காது. சளி, வயிற்றுப்போக்கு வந்தால் எதிர்த்து நிற்கவும் முடியாது. பிரசவத்தில் கஷ்டம் வருவது பெரும்பாலும் தாயின் இடுப்பெலும்பையும், பிள்ளை கிடக்கிற வாட்டத்தையும் பொறுத்தது. 145 சென்டிமீட்டருக்குக் குறைந்த உயரமுள்ள பெண்களுக்கு ஆபரேஷன் வசதியுள்ள ஆஸ்பத்திரியை முன்கூட்டியே பார்த்து வைக்க வேண்டும். சோற்றைக் குறைப்பதால் இடுப்பெலும்பு அகலமாகாது.

நம் வீட்டுச் சினைப் பசுவுக்குக் கடைசி இரண்டு மாதம் பாலை வற்ற வைத்து, கூடுதல் தீவனம் வைக்கிறோம். கன்று பெருத்து ஈனமுடியாமல் போகுமே என்று யாரும் வைக்கோலைப் பிடுங்குவதில்லை. வீட்டுப் பெண்ணுக்கு மட்டும் வேறு கணக்கா?

ஆப்பிரிக்காவில் காம்பியா என்று ஒரு சின்ன நாடு. நம்மைப் போலவே மழையை நம்பிய பூமி, நிலக்கடலை விளைகிற இடம். மழைக்காலத்தில் வயலில் வேலை அதிகம், குதிரில் தானியம் குறைவு. அங்கே 28 கிராமங்களில் ஐந்து வருடம், கர்ப்பிணிகளுக்கு ஏறக்குறைய கடைசி ஐந்து மாதம் நிலக்கடலை, அரிசி மாவு, சர்க்கரை சேர்த்த பிஸ்கோத்து தினமும் கொடுத்தார்கள். 1997-ல் முடிவு வெளியானது. பஞ்ச மாதங்களில் பிறந்த பிள்ளைகளுக்குச் சராசரியாக 200 கிராம் கூடியிருந்தது. அறுவடைக் காலத்தில் 94 கிராம்தான். இறந்து பிறப்பது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. பிள்ளையின் தலைச் சுற்றளவு கூடியது எவ்வளவு தெரியுமா? வெறும் மூன்று மில்லிமீட்டர். பிரசவம் அடைத்துக்கொள்ளும் என்று பயப்படுகிற பெரியவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

நம் மலையிலும் அந்தப் பஞ்ச மாதம் இருக்கிறது. தை, மாசியில் கருத்தரித்தவளுக்கு வயிறு பெருக்கும் மாதங்கள் வைகாசியில் தொடங்கி ஐப்பசி வரை. விதைப்பு, களை எல்லாம் அப்போதுதான். பழைய தானியம் தீருவதும் அப்போதுதான். ஆகவே விற்கும் முன்பே ஒதுக்குங்கள். கர்ப்பிணிக்குத் தினமும் கூடுதலாக 350 கலோரி வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ல் சொன்னது. ஒரு கைப்பிடி வறுத்த நிலக்கடலை, ஒரு துண்டு வெல்லம், ஒரு கேழ்வரகு அடை – இவ்வளவுதான். ஆறு மாதத்துக்கு ஐந்தாறு கிலோ கடலைப்பருப்பு, பத்துக் கிலோ கேழ்வரகு போதும். பிள்ளைத்தாய்ச்சிக்கென்று ஒரு பானையில் தனியே கட்டி வையுங்கள். அங்கன்வாடி சத்துமாவையும் அதோடு வையுங்கள். வீடே பங்கு போட்டுக்கொண்டால் அவளுக்கு உருண்டைகூட மிஞ்சாது. கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து. ரேஷன் அரிசி வந்தபின் அதை மாட்டுக்கும் சந்தைக்கும் தள்ளுவது எனக்குச் சம்மதமில்லை.

தானியம் மட்டும் போதாது. புனே பக்கம் ஆறு கிராமங்களில் 1993-லிருந்து நடந்த ஆய்வில், கீரை, பழம், பால் அடிக்கடி சாப்பிட்ட விவசாயப் பெண்களுக்குப் பிள்ளை எடை கூடியிருந்தது. கடும் வேலை பார்த்தவர்களுக்குக் குறைந்திருந்தது. முருங்கை, அவரை, மொச்சை, கொய்யா – வீட்டோரம் வைக்கலாமே. தண்ணீர்க் குடத்தையும் விறகுக் கட்டையும் கடைசி மூன்று மாதம் வீட்டு ஆண்கள் தூக்கட்டும்.

முதல் மூன்று மாதம் குமட்டலில் எடை ஏறாவிட்டாலும் பரவாயில்லை. அப்புறம் மாதம் இரண்டு கிலோ போல ஏற வேண்டும். ஒல்லியான பெண்ணுக்கு மொத்தத்தில் இன்னும் கூடுதலாக ஏறலாம்; முன்பே பருமனாக இருப்பவருக்கும் சர்க்கரை உள்ளவருக்கும் டாக்டர் சொல்கிற அளவு. ஒரே மாதத்தில் மூன்று கிலோவுக்கு மேல் ஏறினாலோ, முகமும் கையும் வீங்கி, தலைவலி, கண் மங்கல் வந்தாலோ அது சத்து இல்லை, ரத்தக் கொதிப்பாக இருக்கலாம். அன்றைக்கே 108-ஐக் கூப்பிடுங்கள்.

இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு போடாதீர்கள், சத்து உடம்பில் ஒட்டாது. சுண்ணாம்பு மாத்திரையை வேறு வேளையில் போடுங்கள்.

வெளியூர் வேலைக்குப் போகிறவர்கள் தாய் சேய் அட்டையைக் கையோடு கொண்டு போங்கள். அதில் எடை எழுதுகிற கட்டம் உண்டு. கிராம சுகாதாரச் செவிலியர் வரும் நாளில் தராசில் ஏறி நின்று, போன மாதம் எவ்வளவு, இந்த மாதம் எவ்வளவு என்று கேட்டு எழுதி வாங்குங்கள். மாமியாரும் கூடப் போனால் நல்லது.